வக்கீலால் போன பணத்தை யாரிடம் கேட்பது?

இந்த மாதம் வந்த தபாலைப் பிரித்தபோது முக்கால்வாசி ஒரே வயிற்றெரிச்சல்தான். எதிராளி ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள், தங்கள் பக்கம் நின்ற வக்கீலால் பணம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. நானும் அதே தொழிலில் முப்பது வருடம் கறுப்புக் கோட்டு மாட்டியவன் என்பதால் கொஞ்சம் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன்.

பல்லடம் பக்கத்து வாசகி ஒருவர்: எங்களுக்கு 12 விசைத்தறி இருக்குதுங்க. கூலிக்கு நெய்து கொடுத்த பாக்கி 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு பார்ட்டி கொடுத்த செக், பேங்கில் போட்டதும் பணமில்லை என்று திரும்பிவிட்டது. வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையாகும் ஒரு வக்கீலிடம் செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் கொடுத்து, பீஸ் 25 ஆயிரமும் கொடுத்தோம். கேட்கும்போதெல்லாம் "கேஸ் ஓடிட்டிருக்குது, வாய்தா போட்டிருக்காங்க" என்பார். 14 மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கேஸே போடவில்லையாம். நுகர்வோர் கோர்ட்டில் அவர் மேல் போட்டுப் பணத்தை வாங்க முடியுமாங்க?

முடியாது அம்மணி. 2024 மே 14ஆம் தேதியோடு அந்தக் கதவைச் சுப்ரீம் கோர்ட் அடைத்துவிட்டது. வக்கீலின் சேவையில் குறை என்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் சொல்லியிருந்தது. அது செல்லாது, வக்கீல் கட்சிக்காரர் சொல்படி நடக்க வேண்டியவர், அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கும் உங்களுடையதைப் போலவே 20,000 ரூபாய் செக் பவுன்ஸில் ஆரம்பித்ததுதான். எதிராளி கொடுத்த பணத்தை வக்கீல் கட்சிக்காரரிடம் ஒப்படைக்காமல் பீஸ் பாக்கி கேட்டதில் கிளம்பிய சண்டை, டெல்லியில் போய் நின்றது.

ஆனால் அதே தீர்ப்பு, வக்கீல் கவனக்குறைவாக நடந்தால் சாதாரண சிவில் கோர்ட்டில் வழக்குப் போடத் தடையில்லை என்றும் சொல்கிறது. வக்கீல் பீஸ் பற்றி 1926இலேயே வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்று உண்டு, அதை வைத்து 1988இலும் சுப்ரீம் கோர்ட் இதையே சொல்லியிருக்கிறது. ஆக, வழி இருக்கிறது.

ஆனால் இப்போதே அந்த வழியில் இறங்காதீர்கள் என்பேன். காரணம், உங்கள் பணம் இன்னும் போகவில்லை. செக் கொடுத்தவர் தர வேண்டிய பணம் அது, அவரைத் துரத்த இன்னும் நாள் இருக்கிறது. வக்கீல் மேல் கோபத்தில் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டு அப்புறம் பார்ட்டியையும் கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும்: உங்கள் வக்கீல் நோட்டீஸாவது அனுப்பினாரா? செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். நோட்டீஸ் நேரத்தில் போயிருந்து புகார் மட்டும் தாமதம் என்றால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட இடமுண்டு, வக்கீல் ஏமாற்றிய கதையைத் தேதி வாரியாகச் சொல்ல வேண்டும், கோர்ட் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். நோட்டீஸே போகவில்லை என்றால் அந்த 30 நாளுக்கு மன்னிப்புக் கிடையாது, செக் கேஸ் முடிந்த கதை. ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் தபால் ரசீது. நோட்டீஸ் நகலை நம்பாதீர்கள், அதை நேற்றுக்கூட டைப் அடித்திருக்கலாம்.

செக் கேஸ் போனாலும் கூலிப் பாக்கிக்குச் சிவில் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, பாதுகாப்புக்கு ஒவ்வொரு பில்லின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு முதலில் மனுக் கொடுத்தாக வேண்டும், அதில் கழியும் நாள் காலவரம்பில் சேராது. கோர்ட் கட்டணம் 3 சதவீதக் கணக்கில் சுமார் 19,200 ரூபாய் வரும். 2017க்கு முன்னால் ஏழரை சதவீதமாக இருந்தது, அப்போதென்றால் 48,000 எண்ணி வைத்திருப்பீர்கள். பில் போட்ட காலத்துக்கு முன்பே உங்கள் தறிக்கு உத்யம் என்ற குறு சிறு தொழில் பதிவு இருந்திருந்தால் இன்னும் நல்லது, குறு சிறு தொழில் வசதி மன்றத்துக்குப் போகலாம், 45 நாளுக்கு மேல் இழுத்த பாக்கிக்கு ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இனி வக்கீல். அவர் தப்பு செய்தார் என்று நிரூபிப்பது இதில் பாதி வேலை கூட இல்லை. அவர் ஒழுங்காகக் கேஸ் போட்டிருந்தால் உங்களுக்குப் பணம் வந்திருக்கும் என்பதையும் நிரூபிக்க வேண்டும், அதாவது நடக்காத ஒரு வழக்கை நடந்த மாதிரி இந்தக் கோர்ட்டில் நடத்திக் காட்ட வேண்டும். செக்கில் உள்ளது பார்ட்டியின் கையெழுத்தா, பாக்கி உண்மையா, பார்ட்டிக்குச் சொத்துபத்து ஏதாவது இருந்ததா, எல்லாம் கேட்பார்கள். திவால் என்று மஞ்சக் கடிதாசி கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர் என்றால், "கேஸ் போட்டிருந்தாலும் உனக்கு என்ன வந்திருக்கும்?" என்றுதான் எதிர்த்தரப்புக் கேட்கும். மாறாக, செக் கேஸ் நடந்திருந்தால் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகவே கோர்ட் கட்டச் சொல்லியிருக்கக்கூடும், அந்த வாய்ப்பு போயிற்று என்பதை நீங்கள் சொல்லலாம். கொடுத்த 25 ஆயிரத்தைத் திருப்பிக் கேட்பதில் மட்டும் சிக்கலே இல்லை.

காகிதம் என்ன வைத்திருக்கிறீர்கள்? பங்காளி என்பதால் ரசீது கேட்டிருக்க மாட்டீர்கள், தெரியும். நம்ம பக்கம் முறைக்காரரிடம் ரசீது கேட்பதைப் போல அவமானம் வேறு கிடையாது, பணம் போனபின்தான் முறை என்ன விலை என்று தெரிகிறது. பணம் போன் வழியாகப் போயிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்கள். "வாய்தா போட்டிருக்காங்க" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும், அதை உங்கள் புது வக்கீல் பார்த்துக்கொள்வார். அந்தப் புது வக்கீலை அதே ஊர் வக்கீல் சங்கத்தில் தேடாதீர்கள். தினமும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் நோட்டீஸ் விடத் தயங்குவார்கள், கோயமுத்தூரோ ஈரோடோ போய்ப் பாருங்கள்.

தாராபுரம் வாசகி: லாரி மோதி வீட்டுக்காரர் இறந்துவிட்டார். கோர்ட்டில் 11 லட்சத்து 80 ஆயிரம் தீர்ப்பானது. பணம் என் பேங்க் கணக்குக்குத்தான் வந்தது, ஆனால் வக்கீல் குமாஸ்தா முன்கூட்டியே செக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். 3 லட்சத்து 54 ஆயிரத்தை எடுத்துக்கொண்டு, "30 பர்சன்ட் எல்லாருக்கும் வழக்கம்தான்" என்கிறார்கள். இது நியாயமா?

வழக்கம் என்பது உண்மை, சட்டம் என்பது பொய். ஜெயித்த தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவதை இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20ஆவது விதி தடை செய்கிறது. அப்படி ஒரு காகிதத்தில் நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் அதைக் காட்டி அவர் கோர்ட்டில் பணம் கேட்க முடியாது.

உங்கள் விஷயம் பல்லடத்து அம்மணியுடையதைவிட நேரானது. அங்கே நடக்காத வழக்கை நடத்திக் காட்ட வேண்டும், இங்கே உங்கள் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்பதை பேங்க் ஸ்டேட்மென்ட்டே பேசும். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் தனிக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே முதல் கடிதம் சண்டைக் கடிதமாக இருக்க வேண்டாம். "என் வழக்கில் வரவு, செலவு, உங்கள் பீஸ் என்ன என்று கணக்கு நகல் கொடுங்கள்" என்று, கிடைத்ததற்கான சான்று கேட்டு ஒரு ஸ்பீட் போஸ்ட், அவ்வளவுதான். கணக்குக் கொடுத்தால் அதில் உள்ள ஓட்டை தெரியும், கொடுக்காவிட்டால் அதுவே ஒரு குற்றச்சாட்டு. நியாயமான பீஸும் ஆன செலவும் கழித்து மீதியைத்தான் கேட்க முடியும் என்பதையும் மனதில் வையுங்கள். அவர் சும்மா உழைத்தார் என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார்.

பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்கு. மோசடியை மறைத்திருந்தால் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும், 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். போலீஸ் புகாரும் உங்கள் விஷயத்தில் கொடுக்கலாம், நம்பிக்கை மோசடி என்ற வகையில் வரும். எங்கள் பக்கம் எடுத்தவுடன் ஸ்டேஷன் போகும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அங்கே பாதித் தொகைக்குப் பஞ்சாயத்துப் பேசி எழுதி வாங்கிவிடுவார்கள், அப்புறம் மீதிக்கு வாயைத் திறக்க முடியாது. போனாலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு சந்தேகம்: உங்கள் பிள்ளைகளின் பங்கை மேஜர் ஆகும்வரை வைப்புத்தொகையாகப் போடச் சொல்லி உத்தரவு இருக்கும், அந்த ரசீதுகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: அப்பா மேல் 4 லட்சத்துக்கு புரோநோட்டு வழக்கு. வக்கீல் வைத்தோம், அவர் ஆஜராகவே இல்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி இப்போது மஞ்சக் காட்டை ஏலம் விட நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் ஓடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள்தான், அது தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும், ஏலத்துக்குத் தடையும் அதோடு கேட்க வேண்டும். வக்கீலை நம்பிவிட்டு ஊரில் காடுகரையைப் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரரை அந்த வக்கீலின் தவறுக்காகத் தண்டிக்கக் கூடாது என்று ரஃபீக் வழக்கில் 1981இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது உங்களுக்குத் துணை. ஆனால் வருடக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு அந்தத் தீர்ப்பை நீட்டினால் எல்லா நீதிபதிகளும் உருகிவிடுவதில்லை, அப்பா எத்தனை முறை வக்கீலைப் பார்க்கப் போனார், எப்போது போன் செய்தார் என்று விவரம் வேண்டும். ஒரு தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனையோடு தீர்ப்பை நீக்குவதுதான் அதிகம் நடக்கிறது. எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லும் செலவுத் தொகையும், புது வக்கீல் பீஸும் பழைய வக்கீலால் வந்த நஷ்டம், அதை அவரிடம் கேட்கலாம். 4 லட்சத்தையே கேட்பது வேறு விஷயம். அப்பா உண்மையில் கடன் வாங்கியிருந்தால் யார் வாதாடியிருந்தாலும் அது கட்ட வேண்டிய பணம்தானே?

இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா வரை காட்டும். பையனிடம் போனைக் கொடுத்தால் இரண்டு நிமிடம்.

அவிநாசி வாசகர்: 2021இல் சைட் வாங்கினேன். பேங்க் லோன், பேங்க் வக்கீல் பார்த்துச் சுத்தம் என்று ஒப்பீனியன் கொடுத்தார், அதற்கு 5,000 ரூபாய் நான்தான் கட்டினேன். இப்போது விற்றவரின் இரண்டு அக்காமார்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள், நானும் ஒரு பிரதிவாதி. ஒப்பீனியன் கொடுத்தவர் நஷ்ட ஈடு தர வேண்டாமா?

பணம் உங்கள் பையிலிருந்து போனாலும் அந்த ஒப்பீனியன் பேங்குக்காக எழுதியது. பேங்கின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை, உங்களுக்கும் அவருக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. அந்த 5,000 கட்டியதை வைத்து நாம் வக்கீல் வைத்துப் பார்த்தாயிற்று என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மோசடி என்று கிரிமினல் கேஸ் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தப்பான ஒப்பீனியன் கொடுத்தார் என்பதற்காக மட்டும் ஒரு வக்கீலைக் குற்றவாளி ஆக்க முடியாது, மோசடிக்காரர்களோடு கூட்டு என்று ஆதாரம் வேண்டும் என்று 2012இல் நாராயண ராவ் என்ற வக்கீலின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதுவும் வீட்டுக்கடனுக்குக் கொடுத்த ஒப்பீனியன்தான்.

நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் விற்றவர். கிரையப் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் தன் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவதாக எழுதியிருக்கும். எழுதாவிட்டாலும் விற்றவர் தனக்கு உரிமை உண்டென்று உறுதி சொன்னதாகவே சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பாக வழக்கில், நீங்கள் வாங்கிய இடத்தை விற்றவர் பங்கில் ஒதுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு வழியுண்டு, அவருக்கு வேறு இடமும் சேர்ந்து பங்கு வந்தால் உங்கள் சைட் தப்பித்துவிடும். இதை உங்கள் எதிர்வாதவுரையில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநாளாக உறுத்துகிறது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும், அக்கா தங்கச்சி வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது, 2005இல் மத்திய சட்டமே எல்லாப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டது. இருந்தும் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, பொண்ணுக்குப் பாகமில்லை என்று பேசிக்கொண்டு அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது நம்ம பக்கம் இன்னும் நிற்கவில்லை. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்காமல் ஒப்பீனியன் எழுதுபவரை நானும் மன்னிக்க மாட்டேன். அதை பேங்குக்கும் பார் கவுன்சிலுக்கும் எழுதுங்கள், உங்களுக்குப் பணம் வராவிட்டாலும் பேங்கின் வக்கீல் பட்டியலில் அவருக்கு உள்ள வேலை போகலாம்.

கரூர் வாசகர்: பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பணம் வருமா? மதுரைக்குப் போக வேண்டுமா, சென்னைக்கா? பீஸ் பாக்கி தந்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார் வக்கீல்.

கரூர் வழக்குகள் ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனாலும், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் இருப்பது சென்னை ஐகோர்ட் வளாகத்தில்தான். வழக்கறிஞர் சட்டம் 35ஆவது பிரிவில் புகார் எழுதலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் விஷயம் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும், பல புகார்கள் அப்படித்தான் போகின்றன. அவர்களால் கண்டிக்க முடியும், சில காலம் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்த முடியும், பட்டியலிலிருந்து பெயரையே எடுக்க முடியும். இழப்பீடு கொடு என்று உத்தரவு போடுவது அந்தத் தண்டனைகளில் இல்லை. ஆனால் புகார் நகல் கைக்கு வந்ததும் பணத்தோடு வீடு தேடி வந்த வக்கீல்களும் உண்டு, அதனால் வீண் வேலை என்று சொல்ல மாட்டேன்.

கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையே கிடையாது. பீஸ் பாக்கிக்காக வழக்குக் காகிதங்களை நிறுத்தி வைப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2000இல் தீர்ப்பாகிவிட்டது. பாக்கி உண்மையென்றால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கோயமுத்தூர் வாசகர்: மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே சொலிசிட்டர் என்கிற வக்கீல் பணத்தைச் சுருட்டினால் கொடுக்க ஒரு நிதியே இருக்கிறதாம். நமக்கு?

உண்மைதான், அங்கே சொலிசிட்டர்களே ஆளுக்குக் கொஞ்சம் கட்டி வைக்கும் நிதி அது. நேர்மையின்மை, பணத்தைக் கணக்கில் காட்டாதது போன்றவற்றுக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் உரிமை என்று இல்லை, அவர்கள் பார்த்துக் கொடுப்பது. கவனக்குறைவுக்கு வேறு வழி, ஒவ்வொரு சொலிசிட்டர் நிறுவனமும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே கட்டாயம்.

இங்கே நிதி ஒன்று இருக்கிறது, ஆனால் அது வக்கீல்களுக்கு. நீங்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது ஒட்டுகிற நல நிதி ஸ்டாம்ப் 1987ஆம் வருடச் சட்டப்படி வக்கீல்களின் நலனுக்குப் போகிறது, கட்சிக்காரர் காசில்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். கட்சிக்காரருக்கு அப்படி ஒரு ஸ்டாம்ப் இதுவரை யாரும் அடிக்கவில்லை. காப்பீடும் கட்டாயமில்லை, ஆனால் தாங்களாகவே தொழில் காப்பீடு எடுத்து வைத்திருக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது, அப்படி ஏதாவது பாலிசி உண்டா, எந்தக் கம்பெனி என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.